எனக்குத் திறக்கிற லிங்க் மற்றவர்களுக்கு ஏன் திறப்பதில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். எட்டுப் பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஒன்டிரைவ் ஃபோல்டர் ஒன்று. அதற்குள் ஓர் எக்செல் பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் அதே ஃபோல்டரில் இருக்கும் ஏதாவது ஓர் ஆவணத்துக்கு லிங்க், மொத்தம் ஏறக்குறைய 900. போட்டவர் நீங்கள். உங்கள் கணினியில் எல்லாம் திறந்தது. மற்ற ஏழு பேருக்கும் ‘குறிப்பிட்ட கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்றே வந்துகொண்டிருந்தது. போன வாரம் உள்ளே இருந்த ஒரு ஃபோல்டரின் பெயரை யாரோ மாற்ற, உங்களுக்கும் பாதி போய்விட்டது. இனி 900 லிங்கையும் கையால் மறுபடி போடவேண்டுமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம், ஒரு மணி நேர வேலைதான். ஆனால் ஒரே லிங்க் ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்குத் திறக்காமல் போவது ஏன் என்பது தெரியாமல் கைவைத்தால், அடுத்த பெயர் மாற்றத்தில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் பதில் சொல்லப்போகிறேன். 15 வருடங்களாக அலுவலகக் கணினிகளையும் பொதுக் கோப்புகளையும் பராமரிப்பது என் வேலை. இந்தப் புகார் வராத மாதம் குறைவு.

முதலுதவி இது: பெயர் மாற்றிய ஃபோல்டருக்குப் பழைய பெயரையே திருப்பி வையுங்கள். ஓர் எழுத்து, ஓர் இடைவெளி பிசகாமல் வைத்தால், உங்கள் கணினியில் போன பாதி அப்படியே திரும்பி வந்துவிடும். வந்தால் ஒரு விஷயம் உறுதி: கோப்புகள் எதுவும் தொலையவில்லை, முகவரி மட்டும்தான் பொய்யாகியிருக்கிறது. இரண்டாவது, எக்செல் கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி அதே ஃபோல்டரில், வேறு பெயரில் இருக்கட்டும். டெஸ்க்டாப்பில் சேமித்துப் பழக்கப்பட்ட கை அங்கேதான் போகும், இந்த ஒரு முறை போகவேண்டாம். எக்செல்லில் திறந்து வேறு இடத்தில் சேமித்தால், அது லிங்குகளைப் புதிய இடத்துக்கு ஏற்றபடி தானாகவே திருத்தி எழுதும். கேட்காமலே செய்யும் உபகாரம். நோயைப் பார்க்கப் போனால் நோயாளியே மாறியிருப்பார்.

இப்போது அடிப்படைக்கு வருகிறேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தை எங்கே என்று கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘மூன்றாவது அலமாரி, மேல்தட்டு, இடமிருந்து ஐந்தாவது’ என்று சொல்லலாம். அல்லது அதன் முதுகில் ஒட்டிய பதிவெண்ணைச் சொல்லலாம். லிங்குகளும் இந்த இரண்டு வகைதான். கணினியில் நாம் கோப்பைச் சுட்டிப் போடும் லிங்க் முதல் வகை: இந்த டிரைவ், இந்த ஃபோல்டர், அதற்குள் இந்த ஃபோல்டர், இந்தப் பெயர். வழியில் ஒரு பெயர் மாறினாலும் வழி அறுந்தது. கூகுள் டிரைவில் ‘லிங்கை நகலெடு’ என்றால் கிடைப்பது இரண்டாவது வகை: அந்த நீளமான எழுத்துக் குவியலில் கோப்பின் பதிவெண் இருக்கிறது. பெயரை மாற்றுங்கள், வேறு ஃபோல்டருக்குத் தள்ளுங்கள், எண் மாறாது; லிங்க் திறக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் பதிவெண் வகையாக்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வது அதில்தான். ஃபோல்டர் மொத்தத்தையும் நகலெடுத்து அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். பதிவெண் லிங்குகள் புதிய நகலில் உட்கார்ந்துகொண்டு பழைய வருடத்துக் கோப்புகளையே திறக்கும். ஏனென்றால் நகலுக்குப் புது எண். லிங்குக்குத் தெரிந்தது பழைய எண் மட்டுமே. உடைந்த லிங்க் கத்தும், உடனே தெரிந்துவிடும். இது சத்தமில்லாமல் தவறான கோப்பைத் திறந்து காட்டும், நீங்களும் அதில் திருத்திச் சேமிப்பீர்கள். என்னைக் கேட்டால் உடைந்த லிங்கைவிட இது மோசம். இட வகை லிங்கில், அதுவும் சார்பு முகவரியாக இருந்தால், நேர்மாறு: கோப்பை நகர்த்தினால் அறுகிறது, ஆனால் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தால் அழகாகக் கூடவே வருகிறது.

சார்பு முகவரி என்றேன். இட வகைக்குள் இருக்கும் இரண்டு பிரிவுகளில் அது ஒன்று, உங்கள் சிக்கலின் முடிச்சும் அங்கேதான். முழு முகவரி என்பது சி டிரைவில் ஆரம்பித்து, யூசர்ஸ், அதற்குள் உங்கள் பயனர் பெயர், அதற்குள் ஒன்டிரைவ் என்று வாசலிலிருந்து வழி சொல்வது. சார்பு முகவரி என்பது ‘இந்த எக்செல் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து இந்த உள்ஃபோல்டருக்குப் போ’ என்று மட்டும் சொல்வது. முழு முகவரியில் உங்கள் பயனர் பெயர் இருக்கிறதே, அதுதான் வம்பு. உங்கள் சகாவின் கணினியில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரே கிடையாது. அவரிடம் கோப்பு இருக்கிறது, ஒத்திசைவும் (இணையத்தில் உள்ள கோப்பு அவர் கணினிக்கும் வந்து சேர்வது) சரியாக நடந்திருக்கிறது, ஆனால் லிங்க் அவரை உங்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. டிராப்பாக்ஸிலும் இதே கதைதான். கூகுள் டிரைவின் கணினிச் செயலி விண்டோஸில் தனி டிரைவ் எழுத்தாக, பெரும்பாலும் ஜி என்று வந்து உட்காரும். அதனால் அங்கே பயனர் பெயர் தொல்லை குறைவு. ஆனால் ஒருவருக்கு ஜி, இன்னொருவருக்கு ஹெச் என்று ஆகிவிட்டால் முடிந்தது.

உங்களுடையது முழு முகவரிதான் என்று நான் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். உங்களுக்கு மட்டும் திறந்தது என்ற ஒரே தகவல் போதும். ஆனாலும் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது, லிங்க்மேல் சுட்டியை வைத்தால் தோன்றும் சின்னப் பெட்டியை நம்பவேண்டாம். சார்பு முகவரியாக இருந்தாலும் எக்செல் அதை விரித்து முழு முகவரியாகவே அங்கே காட்டும். வலது சொடுக்கு செய்து, லிங்கைத் திருத்தும் பெட்டியில் முகவரிக் கட்டத்தைப் பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு வழி இருக்கிறது: எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு பிரதியின் வால்பெயரை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதை) ஜிப் என்று மாற்றித் திறந்தால், வொர்க்‌ஷீட்ஸ் என்ற ஃபோல்டருக்குள், அடிக்கோட்டில் தொடங்கும் ரெல்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள கோப்பை நோட்பேடில் திறந்தால் லிங்குகள் சேமிக்கப்பட்ட கோலத்திலேயே வரிசையாகத் தெரியும். எக்செல் என்ன காட்டினாலும், கடைசிச் சாட்சி அதுதான்.

முழு முகவரி எப்படி வந்தது என்பது என் ஊகம் மட்டுமே. இரண்டு கோப்புகளும் ஒரே டிரைவில் இருந்தால் எக்செல் வழக்கமாகச் சார்பு முகவரியாகத்தான் சேமிக்கும். ஆனால் தானியங்கிச் சேமிப்பு ஓடும்போது, ஒன்டிரைவில் உள்ள கோப்பை அது இணைய முகவரி வழியாகத் திறந்து வைத்திருக்கும். அந்த நிலையில் சி டிரைவில் உள்ள ஒரு கோப்பைச் சுட்டினால், ஒன்று இணையத்தில், ஒன்று கணினியில். சார்பு என்று சொல்ல இருவருக்கும் பொதுவான திண்ணையே இல்லை. முழு முகவரி விழுந்துவிடும். உங்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேறு காரணமாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

பட்டியலில் சில லிங்குகள் ஆப்டேட்டா, ரோமிங் என்ற பெயர்கள் வரும் வினோதமான முகவரிக்கு மாறியிருந்தால் பயப்படாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருநாள் காலையில் லிங்குகள் எல்லாமே இப்படி ஆகிக் கிடந்தன. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று மதியம்வரை பேச்சு ஓடியது. நடந்தது வேறு. முந்தைய நாள் எக்செல் பாதியில் நின்று, மீட்கப்பட்ட கோப்பை ஒருவர் சேமித்திருக்கிறார். மீட்புக் கோப்பு இருக்கும் இடம் அந்த ரோமிங் ஃபோல்டர். சார்பு முகவரிகளை எக்செல் அங்கிருந்து கணக்குப் போட்டுவிட்டது. இதைத் தடுக்க, எக்செல் விருப்பங்களில் மேம்பட்ட பகுதி, அதில் வலை விருப்பங்கள், அதில் கோப்புகள் என்று போய், ‘சேமிக்கும்போது லிங்குகளைப் புதுப்பி’ என்பதன் குறியை எடுத்துவிடுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். முதலில் தீர்மானிக்க வேண்டியது, எட்டுப் பேரில் யாராவது இந்தப் பட்டியலைக் கைபேசியிலோ உலாவியிலோ திறக்கிறார்களா என்பது. எல்லோரும் ஃபோல்டரைக் கணினியில் ஒத்திசைத்து, மேசைக்கணினி எக்செல்லில்தான் திறக்கிறார்கள் என்றால் சார்பு முகவரிதான் நல்லது. எளிது, நகலெடுத்தாலும் உடையாது. பட்டியலும் ஆவணங்களும் ஒரே தாய் ஃபோல்டருக்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒருவர் கைபேசியில் திறந்தாலும், கணினி முகவரி எதுவும் அவருக்கு வேலை செய்யாது. பாதுகாப்புக்காக உலாவிகள் இணையப் பக்கத்திலிருந்து கணினிக் கோப்பைத் திறக்க விடுவதே இல்லை. அப்போது இணைய லிங்குக்குப் போகவேண்டியதுதான்.

சார்பு முகவரி என்று முடிவானால், கண்டுபிடி-மாற்று வசதியைத் திறக்க ஓடாதீர்கள். அது கட்டத்தில் தெரியும் எழுத்தையும் சூத்திரத்தையும் மட்டும்தான் தொடும். சாதாரணமாகச் செருகிய லிங்கின் உள்ளிருக்கும் முகவரி அதற்குத் தெரியாது. ‘900 இடத்திலும் எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லும், நீங்கள் குழம்புவீர்கள். சின்ன மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள்ளேயே ஓடும் குட்டி நிரல், ஒன்று வேண்டும். அதை எழுதத் தெரியாவிட்டாலும் தெரிந்தவரிடம் இப்படிச் சொன்னால் போதும்: ஷீட்டின் ஹைப்பர்லிங்க்ஸ் தொகுப்பில் ஒவ்வொன்றாக எடு, அட்ரஸ் பண்பில் பழைய முன்பகுதியை ரீப்ளேஸால் நீக்கு. மூன்று வரிதான். ஆனால் அதற்குமுன் ஒரு வேலை. எதையும் மாற்றாமல், ஒவ்வொரு லிங்கின் முகவரியையும் பக்கத்துக் காலி நெடுவரிசையில் எழுதிவைக்கும் இன்னொரு மேக்ரோவை முதலில் ஓட்டுங்கள். அந்த நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்த 900 முகவரியும் மூன்று நான்கு ஜாதியாகப் பிரிந்து நிற்கும்: சில பின்சாய்வுக் கோட்டில், சில முன்சாய்வுக் கோட்டில், சிலவற்றில் இடைவெளி இடைவெளியாகவே, சிலவற்றில் %20 ஆக. பயனர் பெயர் ஒன்றில் பெரிய எழுத்தில், இன்னொன்றில் சின்ன எழுத்தில். ரீப்ளேஸ், தனியாகச் சொல்லாவிட்டால், பெரிய சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். ஒவ்வொரு ஜாதிக்கும் தனித்தனியாக ஓட்டவேண்டியிருக்கும். இந்தப் பட்டியலைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ‘600 சரியாயிற்று, 300 ஆகவில்லை’ என்று மறுநாள் வருகிறார்கள்.

மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல்-இசட் போட்டுத் திருப்ப முடியாது. பிரதி எடுக்கச் சொன்னது அதற்காகவும்தான். ஓட்டும்போது தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவையுங்கள், மற்ற ஏழு பேரையும் கோப்பை மூடச் சொல்லுங்கள். மேக்ரோவை வேறொரு கோப்பில் வைத்து இதன்மேல் ஓட்டினால், உங்கள் பட்டியலின் வடிவத்தை மாற்றிச் சேமிக்கத் தேவையில்லை. அப்புறம் நடுவில், முதலில், கடைசியில் என்று பத்துப் பன்னிரண்டு லிங்கைத் திறந்து பாருங்கள், முக்கியமாகச் சகா ஒருவரின் கணினியில். உங்கள் கணினியில் திறப்பது எதையும் நிரூபிக்காது. அது முன்பும் திறந்ததுதானே.

இதற்குப் பிறகும் நான்கைந்து லிங்க் முரண்டு பிடிக்கும். முதலில் பெயரில் # இருக்கிறதா பாருங்கள். லிங்க் மொழியில் அந்தக் குறி ‘கோப்புக்கு உள்ளே இந்த இடம்’ என்று அர்த்தம் தரும். அதனால் எக்செல் பெயரை அங்கேயே வெட்டிவிடும். கோப்பின் பெயரிலிருந்து அந்தக் குறியை எடுப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. அடுத்தது முகவரியின் நீளம். ஒன்டிரைவில் ஃபோல்டர் வழியும் பெயரும் சேர்ந்து 400 எழுத்துவரை போகலாம், ஆனால் எக்செல் தன் கோப்புகளைத் திறக்கும்போது முழு வழியும் 218 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆறேழு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் நீளத்துக்குப் பெயர் என்றால் கோப்பு ஒத்திசையும், ஆனால் திறக்காது. பயனர் பெயர் நீளமானவருக்கு மட்டும் திறக்காமல் போவதும் உண்டு.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு தொல்லையும் இருக்கிறது. ‘கொள்முதல்’ என்ற சொல்லை எடுங்கள். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையில்) ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் விண்டோஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து ஜிப்பில் வந்த கோப்புகளில் இது அடிக்கடி வரும். ‘கோ’, ‘கௌ’ எழுத்துகளுக்கும் இதே கதைதான். கண்ணால் பார்த்து நூறு முறை ஒப்பிட்டாலும் பிடிபடாது. கோப்பின் பெயர் மாற்றும் கட்டத்திலிருந்தே பெயரை நகலெடுத்து லிங்கில் ஒட்டுங்கள், தீர்ந்துவிடும். தட்டச்சு செய்யாதீர்கள்.

இணைய லிங்குக்குப் போவதாக இருந்தால், ஒரு கட்டத்தில் தாய் ஃபோல்டரின் இணைய முகவரி, ஒரு நெடுவரிசையில் மீதி வழி, இரண்டையும் சேர்க்கும் ஹைப்பர்லிங்க் சூத்திரம் என்று அமைப்பது வசதி. தாய் ஃபோல்டர் மாறினால் ஒரே கட்டத்தைத் திருத்தினால் போதும். இதுவும் இட வகைதான், இணையத்தில் இருப்பதால் பதிவெண் ஆகிவிடாது. உள்ஃபோல்டர் பெயர் மாறினால் அறுந்துதான் போகும். அந்தச் சூத்திரத்துக்கு 255 எழுத்து என்ற வரம்பும் உண்டு. தமிழ்ப் பெயர் இணைய முகவரியாகக் குறிமாற்றப்படும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக வீங்கும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஐந்து குறி, 45 எழுத்து. 28 குறிகளில் 252 வந்துவிடும், தாய் முகவரிக்கு இடமே இருக்காது. கூகுள் டிரைவாக இருந்தால் வேலை சுலபம்: ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் நிரல் வசதியில் எழுதி, ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் லிங்கையும் ஷீட்டில் கொட்டச் சொல்லலாம். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிட வரம்பு இருப்பதால் பெரிய ஃபோல்டரைத் துண்டு துண்டாகச் செய்யவேண்டும்.

இணைய லிங்கில் ‘திறக்கவில்லை’ என்று யாராவது சொன்னால், என்ன செய்தி வந்தது என்று கேளுங்கள். கோப்பு இல்லை என்று வருவதும் அனுமதி இல்லை என்று வருவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் லிங்க் நன்றாக இருக்கிறது, பகிர்வுதான் சரியில்லை. பட்டியலை மட்டும் பகிர்ந்து ஃபோல்டரைப் பகிர மறந்திருப்பீர்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, மறைநிலைச் சாளரத்தில் சகாவை அவர் கணக்கில் நுழையச் சொல்லித் திறந்து பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. பதிவெண் வகை லிங்கில் முதலாவது வந்தால், யாரோ பழைய கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பெயர் ஒன்று, பதிவெண் வேறு. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய கோப்பை அழிக்காமல் பதிப்பு மேலாண்மை வழியாக அதன்மேலேயே ஏற்றினால் எண் மாறாது. அழித்தது அழித்ததுதான் என்றும் நினைக்காதீர்கள்: கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், ஒன்டிரைவ் தனிக்கணக்கிலும் 30 நாள், அலுவலகக் கணக்கில் வழக்கமாக 93 நாள்.

என் கைப்பழக்கம் பெரும்பாலும் விண்டோஸில்தான். உங்கள் குழுவில் மேக் வைத்திருப்பவர் இருந்தால், சார்பு முகவரி அங்கும் திறக்கிறதா என்று 900ஐயும் மாற்றுவதற்கு முன்பே ஐந்து லிங்கை வைத்துச் சோதித்துவிடுங்கள். வேர்ட் கோப்புகளிலும் இதே மாதிரி லிங்குகள் இருந்தால் அங்கே மேக்ரோ வேண்டாம். ஆல்ட்-எஃப்9 அழுத்தினால் லிங்குகள் தம் உள்முகவரியைக் காட்டும், கண்டுபிடி-மாற்று அதன்மேல் வேலை செய்யும். முகவரியில் பின்சாய்வுக் கோடு இரட்டையாக இருக்கும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் மறுபடி ஆல்ட்-எஃப்9.

பெயரைத் திருப்பிவைத்தோமே, அந்த ஃபோல்டர், அதற்குப் புதுப்பெயர்தான் வேண்டும் என்று குழுவில் யாராவது அடம்பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சார்பு முகவரிக்கு மாற்றும் வேலை முடிந்து, சகாக்களின் கணினியில் திறந்து பார்த்த பிறகு. அப்போது அதே மேக்ரோவை, பழைய ஃபோல்டர் பெயருக்குப் பதில் புதிய பெயர் என்று கொடுத்து இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.